அசரியா அத்தியட்சரும் அவரை ஈன்ற அன்னையாரும்

செங்கோட்டையை அடுத்த பண்பொழியில், பழைய நாளில் பைம்பொழில் என வழங்கிய இவ்வூரில், திருமலையின்மேல் குமாரசுவாமி கோயில் கொண்டிருத்தலை நம் சங்கத்தார் யாவரும் அறிவர். மணமாகி ஆண்டு பல கழிந்தும் மகப்பேறு வாய்க்கப்பெறாத மாதர் அம்மலைப் படிகளில் ஏறிச் சென்று நேர்ச்சை செய்தலும், பிள்ளை பிறந்தபின் அப்பிள்ளையை இடுப்பில் ஏந்தி மீண்டும் அப்படிகளிலேயே ஏறுதலும் இங்கு நாம் கண்ணாரக் காணும் காட்சிகள். வேலாயுதம் என்றும், குமாரசுவாமி என்றும், திருமலை என்றும் பெயர் பூண்டோர் நம் வீடுகளில் பலர் இருத்தற்குக் காரணமும் அதுவே. நம் நாடார் குலத்தில் ஒரு சாரார் இம்மலையேறுவோர். மற்றொரு சாரார் ஞாயிறுதோறும் ஆலயமணி ஓசைக்குச் செவிசாய்த்துச் செல்வோர். இரு சாராரும் கலியாணப் பந்தியில் ஒருங்கே அமர்ந்து உண்கின்றனர். ஆகையால் இத்திங்கள் ஒரு கிறிஸ்தவத் தாயின் நேர்ச்சையைப் பற்றியும், அதன் பயனாய்ப் பிறந்த மகனைப் பற்றியும் எழுதப் புகுவதில் எவரும் வேற்றுமை பாராட்டார் என்று நம்புகின்றேன்.

அம்மகனார், இந்தியரில் முதன்முதல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற கனம் வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்கள். அன்னையாரின் பெயர் எலன் அம்மாள். மகனாரின் புகழ் மூன்று கண்டங்களில் பரவிற்று. அன்னையாரைப் பற்றி உலகம் அறிந்ததோ மிகச் சிறிது. அச்சிறிதையே முன்வைத்து அவர் வரலாற்றைச் சொல்லுதல் தகும் என்பது என் துணிபு.

திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரி நாட்டை நம் பெரியோர் நன்கு அறிவர். பனையும் உடைமரமுமே அங்குப் பெருஞ்செல்வம். பதநீர் இறக்கும் பருவம் வந்தால் உணவு உண்டு; தவறினால் பஞ்சம். அந்நாட்டில், இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் அடங்கியுள்ள வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரே அசரியா பிறந்த ஊர். அவர் தந்தையார் முதலில் வேலாயுதம் என்னும் பெயரினர். வணிகம் செய்து பிழைக்கும் சைவக் குடும்பத்தில் தோன்றிச் சர்ச் மிஷனெரி சங்கத்தார் நடத்திய பள்ளியில் பயின்று, 1839ஆம் ஆண்டில் கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவித் தாமஸ் வேதநாயகம் ஆனார். பின்னர்க் குருப்பட்டம் பெற்று அவ்வூர்ச் சபைக்கே குருவானவராய் விளங்கினார். திருமலைக் குமரனின் வேலாயுதத்தைப் பெயராகக் கொண்டிருந்த ஒருவரின் மகனே கிறிஸ்தவ அத்தியட்சரானார் என்பதை இங்கே, இம்மலையடியிலிருந்து எண்ணும்போது எனக்குச் சிறிது வியப்புத் தோன்றாமலில்லை.

தாமஸ் வேதநாயகம் ஐயரின் இரண்டாம் மனைவியாரே எலன் அம்மாள். அவருக்கு ஒரு பெண்மகவு பிறந்தது. அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் வேறு பிள்ளையில்லை. பதின்மூன்று ஆண்டு என்று எழுதுதற்கு ஒரு கணம் போதும். ஊரார் நாவுக்கும் உற்றார் இரக்கப் பார்வைக்கும் இடையே அத்தனை ஆண்டைக் கழித்தல் எத்தகையது என்பதை இவ்விதழைப் படிக்கும் தாய்மாரில் சிலர் தம் சொந்த அநுபவத்தாலேயே அறிவர். எலன் அம்மாள் வேதாகமத்து அன்னாளைப்போல ஆண்டவனிடம் ஒரு மகனைக் கேட்டார். கொடுத்தால் அம்மகனை ஆண்டவனுக்கே திரும்பக் கொடுப்பதாகவும் நேர்ந்துகொண்டார்.

அன்னாளின் வரலாற்றை அறியாதார் நம்முள் இருக்கலாமாதலால் அதனைச் சுருக்கி உரைக்கின்றேன். எல்க்கானா என்பவனுக்கு மனைவியர் இருவர். ஒருத்திக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. அவள் சீலோ என்னுமிடத்துத் திருக்கோயிலுக்குச் சென்று, உதடு மட்டும் அசைய மனத்துக்குள்ளேயே அழுது வேண்டினாள். அங்கிருந்த ஆசாரியன் அவளை மதுவுண்டவள் என்று தவறாக எண்ணிக் கடிந்துகொண்டான். பின் அவளுக்குச் சாமுவேல் பிறந்தான். பால்குடி மறந்ததும் அவனைக் கோயில் ஊழியத்துக்கு விட்டுவிட்டாள். ஆண்டுதோறும் ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துச் சென்று அவனுக்கு அணிவித்து வருவாள். கொடுத்துவிட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒருமுறை அளவு பார்த்துச் சட்டை தைக்கும் அத்தாயின் கைகளை நினைத்தால், நேர்ச்சை என்பது வாய்ச்சொல்லோடு முடிவதன்று என்பது விளங்கும்.

1874ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17ஆம் நாள் எலன் அம்மாளுக்கு மகன் பிறந்தான். அன்னாளின் மகன் பெயரையே இட்டுச் சாமுவேல் என்றனர். அசரியா என்றும் ஒரு பெயர் சேர்த்தனர். கர்த்தர் துணை செய்தார் என்பது அப்பெயரின் பொருள். ஆகவே அப்பிள்ளை தன் பெயரை எழுதக் கற்ற நாள்முதல், தான் எவ்வாறு கேட்டுப் பெறப்பட்டவன் என்பதையும் உடன் எழுதி வந்தான் எனலாம்.

அருமையாய்ப் பிறந்த பிள்ளையை நம் வீடுகளில் எப்படி வளர்ப்போம் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. அழுதால் தின்பண்டம், அடம்பிடித்தால் அதற்கும் தின்பண்டம். எலன் அம்மாள் அத்தகைய தாயல்லர். பக்தியும் கண்டிப்பும் ஒருங்கே உடையவர். வேத வாசிப்பிலும் செபத்திலும் ஒழுங்கிலும் பிள்ளையைப் பயிற்றுவதே தம் கடன் என்று கொண்டவர். தந்தையார் மார்க்கத்தைத் தாமே தேடி வந்தவர். அந்த முதல் தலைமுறையின் வைராக்கியம் அவருடையது. ஆனால் தேடி வந்தவரின் வைராக்கியம் பிள்ளைக்குத் தானாக இறங்கிவிடுவதில்லை. தந்தை கண்டதைப் பிள்ளையின் அன்றாட வழக்கமாக்கும் வேலை பெரும்பாலும் தாய்மாருக்கே விடப்படுகின்றது. எந்தச் சமயத்து வீட்டிலும் இதுவே நடைமுறை.

1889ஆம் ஆண்டில் தாமஸ் வேதநாயகம் ஐயர் காலஞ்சென்றார். மகனுக்கு அப்போது வயது பதினைந்து. அசரியா மிஷன் விடுதிப் பள்ளிகளில் கல்வி பயின்றார். நெருங்கிய உறவினர் ஒருவர் நடத்திய அத்தகைய விடுதிப் பள்ளியொன்றில் எலன் அம்மாளே விடுதி மேற்பார்வை செய்யும் வேலையை ஏற்றார். பிற வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு உணவும் ஒழுங்கும் கவனிக்கும் அவ்வேலையில், தம் ஒரே மகனும் அக்கூட்டத்தில் ஒருவனாகவே இருப்பான். தாயின் அருகிலிருந்தும் தாயைத் தனக்கே உரியவளாகக் கொள்ள இயலாத நிலை அது. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான அயல்மொழி மக்களுக்குத் தந்தையாக இருந்தவர், தம் அன்னையைப் பலரோடு பங்கிட்டுக்கொண்டு வளர்ந்தவர் என்பது கருதத்தக்கது.

அந்நாளில் நம் குலம் இருந்த நிலையையும் இங்கே நினைத்தல் வேண்டும். கோயில் நுழைவுக்காகக் கமுதியில் வழக்கு. 1899இல் சிவகாசியில் பெருங்கலவரம். நீதிமன்றந்தோறும் நம் பெரியோர் மானத்துக்காகப் பொருளைச் செலவிட்டுப் போராடிய காலம். நாடார் மகாஜன சங்கம் 1910இல் தோன்றியதும் அப்போராட்டத்தின் பின்னரேயாம். அத்தகைய நாளில், பள்ளி மாணவராய் இருந்த அசரியா, மாணவரிடையே நிலவிய சாதி வேற்றுமையைக் குறைத்தற்பொருட்டு ஒரு கழகம் அமைப்பதில் பங்குகொண்டார். பிறர் நம்மைத் தாழ்வாக நடத்துதலை எதிர்ப்பது ஒன்று. நாமே பிறரைத் தாழ்வாக நடத்தாதிருத்தல் மற்றொன்று. முன்னதில் நம் குலத்தார் வீரர். பின்னதில் நாம் எத்தகையோர் என்பதை அவரவர் தம் நெஞ்சையே கேட்டுக்கொள்க.

பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றார். இறுதித் தேர்வு நெருங்கிய சமயத்தில் நோய்வாய்ப்பட்டமையால் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு நீங்கினார். (1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. தேர்வில் தவறிய பிள்ளைகளை வீட்டில் ஓயாது கடியும் தந்தையர் இதனைச் சற்றே கவனிப்பாராக.) 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. என்னும் வாலிபர் சங்கத்தின் காரியதரிசியாகித் தென்னாடெங்கும் பயணஞ்செய்தார். 1898இல் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்மணிகளுள் கல்லூரிக் கல்வி பெற்ற முதல்வர் சிலருள் அவ்வம்மையார் ஒருவர்.

1902இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தம் சொந்தப் பொருளைக் கொண்டு, கடல் கடந்து தமிழ்நாட்டின் ஒரு பகுதிக்கு ஊழியரை அனுப்பியிருப்பதைக் கண்டார். அக்காட்சி அவரை வெட்கமுறச் செய்தது. திருநெல்வேலிச் சபையார் எண்ணிக்கையில் அவரினும் பெரியர். ஆயினும் வெள்ளையர் கொணர்ந்து கொடுத்ததைப் பெற்றுக்கொண்டதோடு அமைந்திருந்தனர். பெற்றதைப் பிறர்க்குக் கொடுக்கவில்லை. திரும்பி வந்ததும் நண்பர்களைக் கூட்டி, 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவினார். இந்தியர் பொருள், இந்தியர் நிர்வாகம், இந்திய ஊழியர் என்பது அதன் ஏற்பாடு. திருநெல்வேலிச் சபைக் குடும்பங்களில் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு ஆலயத்துக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அடுப்படியில் பெண்களின் கையால் நடக்கும் தருமம் அது. பெருந்தனவந்தர் கொடையைக் காட்டிலும் அத்தகைய சிறு கொடைகளைக் கொண்டே அச்சங்கம் நடைபெற்றது. பின் 1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று வங்காளத்துச் சிராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கமும் தொடங்கிற்று. அதிலும் அசரியாவுக்குப் பெரும்பங்கு உண்டு.

திருநெல்வேலிச் சங்கம் தன் ஊழியத்துக்குத் தெரிந்துகொண்ட இடம் தோர்ணக்கல். நிஜாம் சமஸ்தானத்தில், காடு சூழ்ந்த பகுதியில், தெலுங்கு வழங்கும் ஊர். இன்று தெலங்காணா மாநிலத்தில் உள்ளது. சில ஆண்டுகள் சென்றன. ஊழியரை அனுப்பும் சங்கத்தின் காரியதரிசி, ஊரில் இருந்துகொண்டு பிறரை மட்டும் அனுப்பிக்கொண்டிருத்தல் தகுமோ என்னும் வினா அசரியாவின் மனத்தில் எழுந்தது. வாலிபர் சங்கத்தின் உயர்ந்த பதவியை விட்டார். 1909இல் குருத்துவத்துக்கு அபிஷேகம் பெற்றுத் தோர்ணக்கலுக்குச் சென்றார். முப்பத்தைந்து வயதில், தெலுங்கு நெடுங்கணக்கைச் சிறுபிள்ளைபோல் கற்கலானார். வெள்ளாளன்விளைத் தாயின் நேர்ச்சை நிறைவேறியது இந்நாளில்தான் என்று நான் கருதுகின்றேன். அத்தியட்சர் பதவி பின்னர் வந்தது. அது உலகம் கண்ட மகிமை. மகனைக் கொடுப்பதாகச் சொன்ன தாயின் சொல், அம்மகன் தன் ஊரையும் மொழியையும் உற்றாரையும் விட்டு இரயிலேறிய அன்றே முற்றுப்பெற்றது.

1910ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மகாநாடு கூடிற்று. பிரதிநிதிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். அவருள் ஆசியர் இருபதின்மருக்கும் குறைவு. அசரியா அங்கே எழுந்து பேசினார். மேனாட்டார் தம் உடைமைகளையும் உயிரையும் இந்தியாவுக்குக் கொடுத்ததை நன்றியோடு ஒப்புக்கொண்டு, ஆனால் தங்களோடு சமமாக அமர்ந்து உண்ணும் நட்பை அவர்கள் கொடுக்கவில்லையே என்று எடுத்துரைத்தார். கேட்டோருள் சிலர் உள்ளம் நெகிழ்ந்தனர், பலர் சினந்தனர். உண்ட வீட்டுக்கு நன்றியும், அவ்வீட்டாரின் குறையை முகத்துக்கு நேரே சொல்லும் துணிவும் ஒருவரிடத்தே சேர்ந்திருப்பது அரிது. கண்டிப்பான தாயினால் வளர்க்கப்பட்டோர்க்கு, அன்பும் கண்டனமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது இளமையிலேயே தெரிந்துவிடும் போலும்.

1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா தோர்ணக்கலின் முதல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். வயது முப்பத்தெட்டு. வெள்ளைக்காரக் குருமார் ஓர் இந்தியருக்குக் கீழ்ப்படிவாரோ என்று ஐயுற்றோர் அப்போது பலர். அவ்வையத்தைத் தீர்த்தற்கு அவர் வாதம் செய்யவில்லை. முப்பத்திரண்டு ஆண்டு வேலை செய்தார். தொடக்கத்தில் சிறியதாயிருந்த அத்தியட்சாதீனம் பின்னர் ஆந்திரக் கடற்கரை நாடுகளிலும் விரிந்தது. 1941ஆம் ஆண்டளவில் அதைச் சேர்ந்த கிறிஸ்தவர் தொகை இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டது.

அவருள் மிகப் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்னும் இரு வகுப்பினர். ஊருக்குப் புறம்பே ஒதுக்கப்பட்டவர்கள் இருவரும். ஆயினும் மாலர் மாதிகரைத் தீண்டார். இருவரும் ஒரு கிணற்றில் நீர் முகவார். பெண் கொள்ளுதலும் கொடுத்தலும் இல்லை. அத்தியட்சர் அவ்விருவரையும் ஒரே பலிபீடத்தின்முன் மண்டியிடச் செய்தார். ஒரே பந்தியில் அமர்த்தினார். எளிதில் நடந்த காரியம் என்று எண்ணவேண்டா. வேண்டிய சபைகளில் கடிந்தும், வேண்டிய இடத்தில் பொறுத்தும், தாமும் அன்பு மரியம்மாளும் அவர்களிடையே வாழ்ந்தே அதைச் செய்தனர். ஞானஸ்நானம் பெற வருவோரைத் தம் தலைமேல் தாமே கைவைத்துக்கொண்டு, சுவிசேஷத்தைப் பிறர்க்கு அறிவியாவிட்டால் தமக்குக் கேடு உண்டாகும் என்னும் பவுல் அப்போஸ்தலரின் கருத்தைச் சொல்லச் செய்வது அவர் வழக்கம். எழுத்தறியாத கூலியாளும் அவ்வாறே செய்தான். பெற்ற அன்றே பிறர்க்குக் கொடுக்கும் கடனும் வந்துவிடுகின்றது என்பதை அதைவிட எளிதாக எவ்வாறு கற்பிப்பது? எலன் அம்மாள் பிள்ளை பிறக்குமுன்னரே செய்ததும் இதுவன்றோ?

இங்கே நம் சங்கத்தார்க்கு ஒரு வார்த்தை சொல்லாமல் மேற்செல்ல இயலவில்லை. அசரியா நம் குலத்தில் தோன்றியவர் என்று நாம் கூட்டங்களில் பெருமை பேசுகின்றோம், பேசுதல் இயல்பே. ஆயினும் அவர் தம் பெயரோடு குலப்பட்டத்தைச் சேர்த்து வழங்கியவரல்லர். நம்மினும் கீழ்ப்பட்டோர் என்று உலகம் சொன்னவரோடு ஒரு கலத்து உணவைப் பகிர்ந்தவர். 1932இல் அரசாங்கத்தார் கிறிஸ்தவர்க்குச் சட்டசபையில் தனித் தொகுதி வகுத்தபோது, அச்சலுகை வேண்டாவென எதிர்த்தவரும் அவரே. ஒரு கூட்டம் தன்னைத் தானே வேலியிட்டுக்கொண்டால் பிறர்க்குப் பயன்படாது போம் என்று அவர் அஞ்சினார். அவரைச் சொந்தம் கொண்டாட நமக்கு உரிமை உண்டா என்று கேட்டால், உண்டு என்பேன். ஆனால் அவர் படத்தை மாட்டிய சுவருக்கு அப்புறம் உள்ள தெருவையும் நாம் எட்டிப் பார்த்தபின்பே அவ்வுரிமை செல்லும்.

மதமாற்றத்தைப் பற்றிக் காந்தியடிகளுக்கும் அவர்க்கும் கருத்து வேற்றுமை இருந்தது. அவ்விவாதத்தை இங்கே விரிக்க வேண்டா. இருவரும் ஒதுக்கப்பட்டோரின் நன்மையையே நாடினர், வழியில் மாறுபட்டனர்.

தோர்ணக்கலில் அவர் எழுப்பிய பேராலயத்தைக் குறிப்பிடல் வேண்டும். இருபது ஆண்டுக்கு மேல் சிறுகச் சிறுகக் கட்டி, 1939ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. மேனாட்டுக் கோபுரம் எதுவும் அதில் இல்லை. இந்துக் கோயிலின் தூண்களும், பள்ளிவாசலின் குவிமாடங்களும் கூடிய கட்டடம் அது. வேலாயுதம் என்று பெயர் பூண்டிருந்தவரின் மகன், தந்தையார் விட்டுவந்த உலகத்தின் அழகை இகழவில்லை. தாயார் கொடுத்த விசுவாசத்தை அந்த அழகுக்குள்ளேயே குடிவைத்தார்.

அன்பு மரியம்மாளும் தம் கணவருக்குப் பின்நின்றவரல்லர். கிராம உபதேசிமாரின் மனைவியர்க்கு எழுத்தும், குழந்தை வளர்ப்பும், செபமும் கற்பித்தலைத் தம் கடனாகக் கொண்டார். தாயார் கற்றால் வீடு கற்கும் என்பதை எலன் அம்மாளின் மருமகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருந்திராது. இவ்விருவர்க்கும் மக்கள் அறுவர்.

அசரியா தம் அன்னைக்குச் செலுத்திய நன்றி யாது? நினைவுச் சின்னம் எழுப்பினாரல்லர். அன்னை தந்ததைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாதிருந்தார், அவ்வளவே. நம் வீடுகளில் தாயார் காலமானபின் அவர் அணிந்த நகையைப் பங்கிடுவோம், பங்கிட்டால் குறையும். எலன் அம்மாள் விட்டுச்சென்ற பொருள் பங்கிடப் பங்கிடப் பெருகி, அவர் ஒரு சொல்லும் அறியாத மொழியில், அவர் காணாத ஊர்களில், இரண்டு இலட்சம் பேரிடம் சென்று சேர்ந்தது.

பிரிந்துகிடந்த திருச்சபைகள் ஒன்றாகவேண்டும் என்பது அத்தியட்சரின் நெடுநாள் ஆசை. 1919இல் தரங்கம்பாடியில் அம்முயற்சி தொடங்கியது முதல் அதற்காக உழைத்தார். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அதைக் காண அவர் இல்லை. 1945ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று, ஊழியத்தில் இருந்தபடியே, எழுபதாம் வயதில் தோர்ணக்கலில் காலமானார். தேரி மணலில் ஒரு தாய் கேட்டுப் பெற்ற பிள்ளை, கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட அந்நாட்டு மண்ணிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.